இயக்குநர் மீது புகார் வந்தால் ரசிகர்கள் எப்படிப் பேசுவது?

யாங்கோன் டீக்கடையில் நம்மாட்கள் நாலு பேர் உட்கார்ந்தால் போதும், அந்த இயக்குநர் படப்பிடிப்பில் உதவி இயக்குநரை அடித்தாராமே என்று பேச்சு தொடங்கி, டீ ஆறுவதற்குள் சண்டையாகிவிடுகிறது.

முதலில் யார் சொன்னது என்று பாருங்கள். பாதிக்கப்பட்டவரா, கூட இருந்தவரா, இல்லை யூடியூப்பில் யாரோ 'கேள்விப்பட்டேன்' என்றாரா? அப்புறம் புகாரைப் பிரியுங்கள். கத்தினார், கை ஓங்கினார், பாலியல் தொல்லை கொடுத்தார், எல்லாவற்றையும் 'டார்ச்சர்' என்ற ஒரே வார்த்தையில் போட்டால் பேச்சு நகராது. அந்த இயக்குநரின் படம் உங்களுக்குப் பிடிக்கும் என்றால் சொல்லுங்கள், ஆனால் அது புகாருக்குப் பதில் இல்லை.

"அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?" என்று மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். மலையாள சினிமாவில் பெண்கள் படும் தொல்லைகளை ஆராயக் கேரள அரசு அமைத்த ஹேமா கமிட்டி 2017இல் அமைந்து, 2019 டிசம்பரில் அறிக்கை கொடுத்தது; அது வெளியே வந்தது 2024 ஆகஸ்டில். ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் வந்த அறிக்கைக்கே அவ்வளவு காலம் என்றால், தினக்கூலிக்கு வரும் துணை நடிகை எப்படி உடனே வாய் திறப்பார்?

புகார் சொன்ன பெண்ணின் படத்தைப் பகிரவே வேண்டாம். பணியிடப் பாலியல் தொல்லைக்கான இந்தியாவின் 2013 சட்டமே அவர் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்கிறது. எங்கள் வைபர் குரூப்பில் ஒருவர் அப்படிப் போட்டார். "அண்ணே, அதை எடுத்துடுங்க" என்று தனியாக எழுதினேன், பத்து நிமிடத்தில் எடுத்துவிட்டார். எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தால் வீம்புக்கே விட்டிருப்பார்.