குழாய் முதலில், கொங்கிறீட் பிறகு: ஒழுங்கைக்குக் குடிநீரும் வீதியும் பெறும் வழி

எங்கள் ஒழுங்கைக்குக் கொங்கிறீட் போட்டு ஓராண்டு நிறையுமுன்பே, குடிநீர்க் குழாய் பதிப்பதற்காக அதை நீளத்துக்கு வெட்டினார்கள். வெட்டிய இடத்தைக் கிறவலால் மூடிவிட்டுப் போனார்கள். அடுத்த மாரியிலேயே கிறவல் கீழே இறங்கி, சைக்கிள் சில்லு அகப்பட்டுக்கொள்ளும் அளவுக்கு ஒரு பள்ளம் ஒழுங்கை முழுவதும் ஓடியது. வீதிக்கான பணம் ஓரிடத்திலிருந்தும் குழாய்க்கான பணம் வேறோரிடத்திலிருந்தும் வந்தன; ஒன்றைப் பற்றி மற்றதற்குச் சொல்ல ஊரில் எவரும் முன்வரவில்லை. இனி வீதி கேட்கவிருக்கும் ஊர்களுக்கு இந்த நட்டம் வரக்கூடாது.

முதலாவது: வீதி யாருக்குரியது என்று அறிதல்

ஏ9, பரந்தன்–முல்லைத்தீவு ஏ35, மாங்குளம்–முல்லைத்தீவு ஏ34 போன்ற ஏ, பீ தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடமும், சீ, டீ தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்திடமும், ஊர் ஒழுங்கைகளில் பெரும்பாலானவை பிரதேச சபையிடமும் உள்ளன. வன்னியில் இன்னொரு சிக்கலும் உண்டு. வீதியென்று நாம் நடக்கும் பாதைகள் பல, உண்மையில் வாய்க்கால் கரையாகவோ குளக்கட்டாகவோ இருக்கும். நீர்ப்பாசனத் திணைக்களத்தின் அல்லது கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் இணக்கம் இல்லாமல் அவற்றில் கைவைக்க முடியாது. ஆகவே முதலில் பிரதேச சபைக்குச் சென்று, உங்கள் ஒழுங்கை அதன் வீதிப் பதிவில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அதைப் பதிவு செய்விப்பதே முதல் வேலை.

இரண்டாவது: அளந்து வரைதல்

கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் சங்கமும் கூடித் தீர்மானம் எடுத்து, கூட்ட அறிக்கையில் எழுதிய பின், ஒரு நாடாவை எடுத்துக்கொண்டு ஒழுங்கையை நடந்து அளவுங்கள். வீடுகள், கிணறுகள், மின்கம்பங்கள், மதகுகள், வேலி உள்ளே தள்ளியிருக்கும் இடங்கள் யாவற்றையும் தாளில் குறியுங்கள். மழைநீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை வயதானவர்களிடம் கேட்டு அம்புக்குறி இடுங்கள். 2018 டிசெம்பர் வெள்ளம் எந்த வளவுக்குள்ளால் புகுந்தது என்பதை அவர்கள் மறக்கவில்லை. வீதியை உயர்த்தி, கான் வெட்டாமல் விட்டால் அந்த நீர் வீடுகளுக்குள்ளேதான் போகும்.

மூன்றாவது: இரண்டு மதிப்பீடுகளை ஒருசேரக் கேட்டல்

தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் உள்ளூர் அலுவலகத்துக்கும் பிரதேச சபைக்கும் ஒரே நாளில், ஒரே வரைபடத்தை இணைத்துக் கடிதம் கொடுங்கள்; ஒவ்வொரு கடிதத்தின் பிரதியும் மற்ற அலுவலகத்துக்குப் போகவேண்டும். குழாய் எப்போது வரும், எத்தனை மில்லிமீற்றர் விட்டமுடையது, வீதியின் எந்தப் பக்கத்தால் போகும் என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். நீர் வழங்கல் சபையின் விநியோகம் எட்டாத ஊர்கள் தேசிய சமூக நீர் வழங்கல் திணைக்களத்தை அணுகலாம். அங்கே ஊரின் சமூக அமைப்பே திட்டத்தை நடத்தி, மானி பார்த்துக் கட்டணமும் அறவிடவேண்டியிருக்கும்.

தொழில்நுட்ப உத்தியோகத்தர் தரும் மதிப்பீட்டை நீங்களும் கணக்கிட்டுப் பாருங்கள். 300 மீற்றர் நீளமும் 3 மீற்றர் அகலமும் 15 சென்ரிமீற்றர் தடிப்பும் கொண்ட கொங்கிறீட்டுக்கு 135 கன மீற்றர், அதாவது ஏறத்தாழ 48 கியூப் (ஒரு கியூப் 100 கன அடி) வேண்டும். மதிப்பீட்டில் குறுக்குக் குழாய்கள் இருக்கின்றனவா என்பதையும் கட்டாயம் பாருங்கள். பெருங்குழாய் ஒரு பக்கத்தால் போனால், எதிர்ப்பக்க வீடுகளுக்கான இணைப்பு வீதியைக் கடக்கவேண்டும். கொங்கிறீட் போடுமுன் ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் நேரே சற்றுப் பெரிய வெறுங்குழாயொன்றைக் குறுக்கே புதைத்து, இரு முனைகளையும் மூடி, அருகிலுள்ள மதிலிலோ கம்பத்திலோ வர்ணத்தால் குறியிட்டுவிட்டால், பின்னர் எவர் இணைப்பு எடுத்தாலும் வீதியை உடைக்கத் தேவையில்லை. முழு மதிப்பீட்டோடு ஒப்பிட்டால் இதற்கான செலவு மிகச் சிறியது.

நான்காவது: பணம்

பிரதேச சபையின் சொந்த வருமானம், மாகாண ஒதுக்கீடு, நாடாளுமன்ற உறுப்பினர்களின் பரிந்துரையில் வரும் பன்முகப்படுத்தப்பட்ட நிதி ஆகியனவே வழக்கமான வழிகள். சபையின் பாதீடு ஆண்டிறுதியில் நிறைவேற்றப்படுவதால், உங்கள் கோப்பு ஓகஸ்ட் மாதத்துக்குள் வட்டார உறுப்பினரின் கையில் இருப்பது நல்லது. ஆண்டு ஒதுக்கீட்டில் டிசெம்பர் 31க்குள் செலவாகாத பணம் திரும்பிப்போய்விடும். எனவே மாரிக்கு முன்பே, சிறுபோகக் காலத்தில், வேலையை முடிக்கக் கேளுங்கள்.

வீட்டு இணைப்புக் கட்டணம் குடும்பங்களின் பொறுப்பு. 42 வீடுகள் மாதம் 1,000 ரூபாய் வீதம் பத்து மாதங்கள் சேர்த்தால் 420,000 ரூபாய் சேரும். பெண் தலைமைக் குடும்பங்களிடமும் மாற்றுத்திறனாளிகள் உள்ள வீடுகளிடமும் அறவிடாமல், அவர்களின் பங்கை வெளிநாட்டு உறவுகளின் உதவியிலிருந்து ஈடுசெய்யலாம். எந்தப் பணமும் சங்கத்தின் வங்கிக் கணக்கில் விழவேண்டும், பற்றுச்சீட்டுக் கொடுக்கவேண்டும். தனியாள் கையில் ஒரு நாள்கூட இருக்கக்கூடாது.

ஐந்தாவது: வேலை நடக்கும்போது

கிடங்கின் அடியில் கல் நீக்கி மணல் பரப்பிய பின்பே குழாயை வைக்கவேண்டும். அழுத்தச் சோதனை முடியும்வரை பொருத்துகளை மண்ணால் மூட விடாதீர்கள். கசிவு அங்கேதான் கண்ணுக்குத் தெரியும். பிறகு மண்ணை ஒரேயடியாகக் கொட்டாமல், படைபடையாக நனைத்து இடித்து இறுக்கவேண்டும். எங்கள் ஒழுங்கையில் செய்யாமல் விட்டது இதைத்தான்.

ஒப்பந்தத் தொகையும் அளவுப் பட்டியலும் தர மறுத்தால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுத்தில் கேளுங்கள். வால்வுகளும் குறுக்குக் குழாய்களும் உள்ள இடங்களை மின்கம்பத்திலிருந்து எத்தனை மீற்றர் என்று அளந்து, வரைபடத்தில் ஏற்றி, ஒரு பிரதியைப் பிரதேச சபையிலும் ஒன்றை நீர் வழங்கல் சபையிலும் ஒப்படைத்து, மூன்றாவதைச் சங்கக் கோப்பில் வையுங்கள்.