கற்பனை நாட்டுக்கு ஒரு விடுதலை நாள்: எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லூரி நாடகத்துக்கோ சிறுகதைப் போட்டிக்கோ இல்லாத நாடு ஒன்றை உருவாக்கும்போது, கொடுங்கோலன் விழுந்த நாளை அரசு விடுமுறையாக வைப்பது நல்ல யோசனை. ஆனால் "அவன் ஓடினான், மக்கள் ஆடினார்கள், அன்றிலிருந்து விடுமுறை" என்று மூன்று வரியில் முடித்துவிடுகிறார்கள். கோளாறு மூன்றாவது வரியில்தான். விடுமுறை தானாக வருவதில்லை. பின்னால் வந்த ஓர் அரசு உட்கார்ந்து பேசி, ஒரு தேதியைப் பிடித்து, ஆணை போடுகிறது.

ஆகவே, தேதியை ஏனோதானோவென்று வைக்காதீர்கள். துனிசியாவில் அதிபர் பென் அலி ஓடியது 2011 ஜனவரி 14. பல ஆண்டுகள் அதுதான் புரட்சி நாள். 2021-இல் அதிபர் கைஸ் சயீத் அதை டிசம்பர் 17-க்கு மாற்றினார். 2010-இல் உள்நாட்டுச் சிறுநகர் ஒன்றில் தள்ளுவண்டி வியாபாரி ஒருவர் தனக்குத் தானே தீ வைத்துக்கொள்ள, போராட்டம் வெடித்த நாள் அது. கொண்டாட்டம் தலைநகருக்கா, சிறுநகருக்கா என்ற கேள்வியே இதனால் மாறிவிடுகிறது.

நம் ஊரை வைத்தே பழகலாம். 1908 மார்ச் 12-இல் வ.உ.சி. கைதானார். மறுநாள் திருநெல்வேலி கொதித்தெழுந்தது. நகராட்சி அலுவலகம் எரிந்தது, துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் செத்தார்கள். அவர் சிறையிலிருந்து வெளியே வந்தது 1912 டிசம்பரில். கைதான நாளைக் கொண்டாடினால் தலைவர் பெரியவர், மறுநாளைக் கொண்டாடினால் ஊர்சனம் பெரியது, விடுதலையான நாளை எடுத்தால் இடைப்பட்ட நான்கே முக்கால் ஆண்டு மௌனத்துக்கும் பதில் சொல்லியாக வேண்டும். உங்கள் நாட்டுக்கும் இப்படி மூன்று தேதிகளை எழுதி வைத்து, எதை யார் கேட்டார்கள், யார் தடுத்தார்கள் என்று முடிவு செய்யுங்கள். கதையில் பாதி அங்கேயே கிடைத்துவிடும்.

ஆட்சியைக் கட்டியவனே விழ வேண்டும் என்றும் இல்லை. போர்ச்சுகலில் 1974 ஏப்ரல் 25-இல் விழுந்தது பிரதமர் மார்செலோ கயேட்டானோ. அந்த ஆட்சியைக் கட்டிய சலசார் 1968-லேயே பதவியை விட்டு, 1970-இல் இறந்தும் போயிருந்தார்.

விழுந்த அன்றே புதுக்கொடி பறக்க விடாதீர்கள். தைக்க ஆளும் துணியும் நேரமும் வேண்டாமா? 1989 டிசம்பரில் ருமேனியர்கள் பழைய கொடியின் நடுவிலிருந்த சின்னத்தை மட்டும் வெட்டியெடுத்து, ஓட்டையோடு பிடித்துக்கொண்டு நின்றார்கள். கத்தரிக்கோல் ஒன்று போதும்.

எல்லோரையும் ஒரே மாதிரி மகிழ வைப்பது அடுத்த தவறு, அதிகம் பேர் செய்வதும் இதுதான். பிலிப்பைன்ஸில் 1986 பிப்ரவரி 25-இல் அதிபர் மார்க்கோஸ் ஓடினார். 2022-இல் அவர் மகனே அதிபரானார். பழைய ஆட்சியில் வேலை, வீடு, மரியாதை கண்டவர்கள் தெருவுக்குத் தெரு இருப்பார்கள். அன்றைக்குக் கொடி கட்டாத ஒரு வீட்டையாவது காட்டுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் "என்ன அண்ணாச்சி, ஒடம்பு சரியில்லையா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகட்டும். அதுவே போதும், சொற்பொழிவு வேண்டாம்.

முதல் ஆண்டும் முப்பதாம் ஆண்டும் ஒன்றல்ல. போர்ச்சுகலில் முதல் ஆண்டு நிறைவன்றே, 1975 ஏப்ரல் 25-இல், மக்கள் வரிசையில் நின்று வாக்களித்தார்கள். முப்பதாம் ஆண்டில் பள்ளியில் பேச்சுப் போட்டி இருக்கும், ஜவுளிக்கடையில் தள்ளுபடி இருக்கும். ஆகஸ்ட் 15-இல் குற்றாலத்துக்கு வண்டி பிடிக்கிறவர்கள் சுதந்திரத்தை மறந்தவர்கள் அல்ல. விடுமுறை பழகிவிட்டது, அவ்வளவுதான். அந்தப் பழக்கத்தைக் குறை சொல்லாமல் எழுதுங்கள்.

கடைசியாக, விடுமுறை என்றால் எல்லாம் மூடும் என்று நினைப்பது. நெல்லையப்பர் ஆனித் தேரோட்டத்துக்கு ஆட்சியர் உள்ளூர் விடுமுறை அறிவிக்கும்போது செய்தியைக் கூர்ந்து படியுங்கள். செலாவணி முறிச் சட்டம் 1881-இன் கீழ் வராத விடுமுறை என்று சொல்லியிருக்கும், அதனால் வங்கி இயங்கும். கருவூலத்தில் குறைந்த பணியாளர்கள் இருப்பார்கள். ஈடுகட்ட ஒரு சனிக்கிழமை வேலை நாளாகும். உங்கள் நாட்டு ஆணையையும் இப்படி நான்கு வரியில் எழுதிப் பாருங்கள்: தேதி, யாருக்கு விடுமுறை, யார் வேலைக்கு வர வேண்டும், எந்த நாளில் ஈடு. அன்று பணிக்கு வருகிறவர் பழைய ஆட்சியில் சல்யூட் அடித்த அதே காவலராக இருந்தால், உங்கள் முதல் காட்சியை அவரிடமிருந்து தொடங்கலாம்.