வெளியீட்டுக்குப் பிறகு செயலியின் பதில் நேரத்தைக் கண்காணிப்பது எப்படி?

புதிய பதிப்பை வெளியிட்ட பிறகு பிழைச் செய்தி எதுவும் வரவில்லை என்றால், வேலை முடிந்தது என்று பலரும் எழுந்து போய்விடுகிறார்கள். ஆனால் நேற்று அரை வினாடியில் திறந்த பக்கம் இன்று மூன்று வினாடி எடுத்துக்கொண்டால் அது எந்தப் பிழைக் கணக்கிலும் ஏறாது. அந்த மந்தத்தைப் பயனர்கள் சொல்வதற்கு முன்பே நாம் கண்டுகொள்ள வேண்டும். அதற்கான வழியை, இந்த வேலைக்குப் புதியவர்களுக்காகப் படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: நேரத்தைப் பதிவு செய்யுங்கள்

உங்கள் செயலிக்கு முன்னால், பயனர்களின் கோரிக்கைகளை வாங்கிச் செயலிக்கு அனுப்பும் என்ஜின்எக்ஸ் சர்வர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் வழக்கமான லாக் (ஒவ்வொரு கோரிக்கையையும் எழுதி வைக்கும் பதிவேடு) வடிவத்தில், ஒரு கோரிக்கைக்கு எவ்வளவு நேரம் ஆனது என்ற விவரம் இருக்காது. நாம்தான் சேர்க்க வேண்டும். அமைப்புக் கோப்பின் லாக் வடிவ வரியில் 'ரிக்வெஸ்ட் டைம்', 'அப்ஸ்ட்ரீம் ரெஸ்பான்ஸ் டைம்' என்ற இரண்டு மாறிகளையும் சேர்த்து, கோப்பில் பிழையில்லை என்று சோதித்த பின் சர்வரை ரீலோடு செய்யுங்கள். முதல் மாறி, பயனரிடமிருந்து கோரிக்கையின் முதல் பைட் வந்ததிலிருந்து பதிலின் கடைசி பைட் அனுப்பப்படும் வரையுள்ள மொத்த நேரம். இரண்டாவது, பின்னால் இருக்கும் செயலி பதில் தர எடுத்துக்கொண்ட நேரம். இரண்டையும் சேர்த்தே பதிவு செய்வதன் பயன் கடைசிப் படியில் தெரியும்.

இரண்டாம் படி: வெளியீட்டுக்கு முன் அளவெடுங்கள்

ஒப்பிடுவதற்குப் பழைய அளவு கையில் இல்லாவிட்டால், வெளியீட்டுக்குப் பின் எந்த எண்ணைப் பார்த்தும் பயனில்லை. குறைந்தது ஒரு வாரத்துத் தரவைச் சேர்த்து வையுங்கள். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வெளியிட்டால், முந்தைய செவ்வாயின் அதே நேரத்தோடுதான் ஒப்பிட வேண்டும். ஆளில்லாத ஞாயிறு இரவோடு ஒப்பிட்டால், நல்ல வெளியீடுகூட மோசமானதாகத் தெரியும்.

மூன்றாம் படி: சராசரியை நம்பாதீர்கள்

இந்தப் படியில் சற்று நிதானிக்க வேண்டும், ஏனெனில் புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். வெளியீட்டுக்கு முன் 100 கோரிக்கைகளும் தலா 250 மில்லி வினாடி எடுத்தன என்று கொள்வோம். சராசரி 250. வெளியீட்டுக்குப் பின் 94 கோரிக்கைகள் 120 மில்லி வினாடியிலும், மீதி 6 கோரிக்கைகள் 2,000 மில்லி வினாடியிலும் முடிகின்றன. கூட்டி வகுத்தால் சராசரி ஏறத்தாழ 233 வருகிறது. சராசரியை மட்டும் பார்ப்பவர் செயலி வேகமாகிவிட்டது என்றே அறிக்கை எழுதுவார். அதே நேரத்தில் நூற்றில் ஆறு கோரிக்கைகள் முன்பைவிட எட்டு மடங்கு காத்துக் கிடக்கின்றன.

இதற்காகத்தான் நூற்றுமானம் என்ற அளவைப் பயன்படுத்துகிறோம். நேரங்களைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி, 95ஆவது இடத்தில் நிற்கும் எண்ணை எடுத்தால் அதுவே பி95. நம் எடுத்துக்காட்டில் அது 250லிருந்து 2,000க்குத் தாவியிருக்கும். பி50, பி95, பி99 ஆகிய மூன்றையும் பாருங்கள். ஆனால் மொத்தமே 200 கோரிக்கைகள் வந்த வேளையில் பி99ஐ முடிவு செய்வது கடைசி இரண்டு மூன்று கோரிக்கைகள்தான் என்பதால், அதை வைத்துப் பதற வேண்டாம். இன்னொன்று: நான்கு சர்வர்களின் பி95களைக் கூட்டி நான்கால் வகுத்தால் கிடைப்பது மொத்தத்தின் பி95 ஆகாது. எல்லாக் கோரிக்கைகளையும் ஒன்றுசேர்த்த பிறகே கணக்கிட வேண்டும்.

அளவுகளைச் சேகரிக்கும் புரோமிதியஸ் போன்ற கருவியில் ஹிஸ்டோகிராம் (நேரங்களை எல்லை வாரியாகப் பெட்டிகளில் பிரித்து எண்ணி வைக்கும் முறை) வைத்திருப்பவர்கள் அதன் எல்லைகளையும் சரிபார்க்க வேண்டும். கோ என்ற நிரலாக்க மொழிக்கான அதன் நிரல் நூலகத்தின் இயல்பு எல்லைகள் 5 மில்லி வினாடியில் தொடங்கி 10 வினாடி வரை செல்கின்றன. இடையில் 1 வினாடிக்கு அடுத்த எல்லை 2.5 வினாடி. உங்கள் கோரிக்கைகள் 1.2 வினாடியிலிருந்து 2 வினாடிக்கு மந்தமானாலும், இரண்டும் ஒரே பெட்டிக்குள் விழுவதால் வரைபடம் அசையாமல் இருக்கக்கூடும். உங்களுக்கு முக்கியமான நேரங்களைச் சுற்றி எல்லைகளை நெருக்கமாக அமையுங்கள்.

நான்காம் படி: பிரித்துப் பாருங்கள், நேரத்தைக் குறியுங்கள்

உள்நுழைவு, தேடல், பணம் செலுத்துதல் என ஒவ்வொரு பாதைக்கும் தனி வரைபடம் வேண்டும். ஆயிரக்கணக்கில் வரும் சிறு கோரிக்கைகளோடு கலந்துவிட்டால், பணம் செலுத்தும் பக்கத்தின் தடுமாற்றம் கண்ணிலேயே படாது. வெளியீடு நடந்த நிமிடத்தை வரைபடத்தில் செங்குத்துக் கோடாகக் குறித்து வையுங்கள்; வரைபடம் காட்டும் கருவியான கிரஃபானாவில் அதற்கென்றே வசதி இருக்கிறது.

ஐந்தாம் படி: எப்போது, எதைப் பார்ப்பது?

செயலியை மறுதொடக்கம் செய்த முதல் சில நிமிடங்களில் கேஷ் (அடிக்கடி தேவைப்படும் தரவைக் கைக்கருகில் வைத்திருக்கும் தற்காலிகச் சேமிப்பு) காலியாக இருப்பதால் நேரம் கூடித் தெரிவது இயல்பு. அது தணிகிறதா என்று பார்த்தபின், முதல் ஒரு மணி நேரமும், அடுத்து வரும் நெரிசல் வேளையும் கட்டாயம் கவனிக்கப்பட வேண்டும். மாலையில் வெளியிட்டு, அன்றிரவு வரைபடம் அமைதியாக இருந்ததைக் கண்டு நிம்மதியாகத் தூங்கி, மறுநாள் காலை நெரிசலில் செயலி திணறியதைப் பார்த்த அனுபவம் எனக்கு உண்டு.

பதில் நேரத்தின் பக்கத்திலேயே பிழை எண்ணிக்கையையும் வையுங்கள். உடனே பிழை சொல்லித் திரும்பும் கோரிக்கை மிக விரைவாக முடிவதால், செயலி உடைந்திருக்கும்போது பதில் நேரம் குறைந்தும் காட்டலாம். என்ஜின்எக்ஸ் லாக்கில் 499 என்ற குறியீடு, பதில் வருமுன்பே பயனர் இணைப்பை மூடிவிட்டதைக் குறிக்கிறது. வெளியீட்டுக்குப் பின் 499 கூடினால், பொறுமையிழந்து போனவர்களின் தடம் அது.

ஆறாம் படி: மந்தமானால் என்ன செய்வது?

'பி95 பழைய அளவின் இரு மடங்கைத் தாண்டிப் பத்து நிமிடம் நீடித்தால் பழைய பதிப்புக்குத் திரும்புவோம்' என்பது போன்ற ஒரு விதியை வெளியீட்டுக்கு முன்பே எழுதி வையுங்கள். பதற்றத்தில் விவாதித்து எடுக்கும் முடிவு தாமதமாகவே வரும். காரணம் தேடும்போது முதல் படியில் சேர்த்த இரண்டு நேரங்களையும் ஒப்பிடுங்கள். செயலியின் நேரம் குறைவாகவும் மொத்த நேரம் அதிகமாகவும் இருந்தால், பதிலின் அளவு பெருத்துவிட்டதா, பயனரின் இணைப்பு மந்தமா என்று பார்க்க வேண்டும். இரண்டும் சேர்ந்து கூடியிருந்தால் செயலியிலும் டேட்டாபேஸிலும் தேடுங்கள். ஐம்பது பொருள்களின் பட்டியலை எடுக்க ஒரு வினவல் (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி), பின் ஒவ்வொரு பொருளுக்கும் ஒன்று என 51 வினவல்கள் ஓடும் நிரல், சோதனைக் கணினியில் சிறிதும் வெளித்தெரியாமல் உண்மையான தரவின் மீது மட்டும் திணறும்.

பழைய பதிப்புக்குத் திரும்பிய பிறகும் வரைபடத்தை மூடிவிடாதீர்கள். பி95 பழைய அளவுக்கு இறங்கினால் குற்றம் வெளியீட்டில்தான் இருந்திருக்கிறது என்பதற்கு வலுவான சான்று கிடைத்துவிடும். இறங்காவிட்டால், அதே வேளையில் மாறிய வேறு ஏதோ ஒன்றை, அதிகரித்த கூட்டத்தையோ பின்னணியில் ஓடும் வேலையையோ, தேடத் தொடங்க வேண்டும்.