கட்டிலருகே சுகர் பார்ப்பதும் கல்ச்சருக்கு ரத்தம் எடுப்பதும்: புதிதாக லேபுக்கு வருவோருக்கு

ஈரோடு, திருப்பூர், கோவைப் பக்கம் டி.எம்.எல்.டி. (மருத்துவ ஆய்வக டிப்ளமோ) முடித்து லேபில் சேரும் பிள்ளைகளுக்கு முழங்கை மடிப்பில் நரம்பு தேடி ரத்தம் எடுப்பது சீக்கிரமே கைவந்துவிடுகிறது. தடுமாற்றம் வார்டுக்குப் போனதும் தொடங்கும். அங்கே சுகர் பார்க்கும் குளுக்கோமீட்டரையும், ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் பாட்டிலையும் கையில் கொடுத்துவிடுவார்கள். இரண்டுமே எளிய வேலையாகத் தோன்றும். ஆனால் ரத்தம் வெளிவரும் முன்பே முடிவு கெட்டுப்போவது இவற்றில்தான் அதிகம்.

குளுக்கோமீட்டர்

லேபில் ஒரு சுகர் முடிவு சந்தேகமாக இருந்தால் டெக்னீஷியன் திரும்ப ஓட்டிப் பார்ப்பார். கட்டிலருகே அப்படி யாரும் இல்லை. திரையில் வரும் எண்ணைப் பார்த்தே இன்சுலின் அளவை முடிவு செய்துவிடுவார்கள். அதனால் நோயாளியிடம் போகுமுன் ஸ்ட்ரிப் டப்பாவின் காலாவதித் தேதியைப் பாருங்கள். மூடி திறந்தே கிடந்த டப்பா என்றால் வேண்டாம், ஈரம் பட்ட ஸ்ட்ரிப்பை நம்ப முடியாது. உங்கள் மருத்துவமனை வைத்திருக்கும் முறைப்படி கண்ட்ரோல் திரவம் (கருவி சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க, சர்க்கரை அளவு முன்பே தெரிந்த திரவம்) ஓட்டியிருக்கிறார்களா என்று பதிவேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கை கழுவுதல். எங்கள் பக்கத்தில் இதை இரண்டு முறை சொல்ல வேண்டும். கவுந்தப்பாடி வட்டாரத்தில் ஆலைக்கொட்டகையில் நாட்டுச் சர்க்கரை காய்ச்சிவிட்டு நேரே வருபவர் இருப்பார். வார்டிலோ, பார்க்க வந்த உறவினர் உரித்துக் கொடுத்த ஆரஞ்சைத் தின்ற கையோடு படுத்திருப்பார்கள். விரலில் ஒட்டிய அந்தச் சர்க்கரை சொட்டு ரத்தத்தில் கலந்தால், சாதாரணமாக இருப்பவருக்கும் முந்நூறு, நானூறு என்று காட்டும். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் போதும் என்பது பரவலான நம்பிக்கை. போதாது. "சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வாருங்கள், ஆத்தா" என்று சொல்லுங்கள். எழ முடியாதவருக்கு ஈரத்துணியால் நன்றாகத் துடைத்து, பிறகு உலரவிடுங்கள். ஸ்பிரிட் போட்டாலும் அது முழுவதும் காய்ந்த பிறகே குத்த வேண்டும்.

நடுவிரல் அல்லது மோதிர விரலின் நுனியில், பக்கவாட்டில் குத்துங்கள். நட்ட நடுவில் வலி அதிகம். தறி ஓட்டியும் தேங்காய் உரித்தும் காய்த்துப்போன விரல்களுக்கு, குத்தும் ஊசியான லான்செட்டின் ஆழத்தை ஒரு படி கூட்டுங்கள். மார்கழிக் காலையில் கை சில்லிட்டிருந்தால் முதலில் தேய்த்துச் சூடாக்குங்கள், கையைக் கீழே தொங்கவிடச் சொல்லுங்கள். பிழிந்து பிழிந்து எடுத்தால் திசுநீர் கலந்துவிடும். முதல் சொட்டைத் துடைத்துவிட்டு இரண்டாவதைப் பயன்படுத்துங்கள்.

குளுக்கோஸ் டிரிப் ஏறும் கையைத் தொடாதீர்கள். மறுகையில் எடுங்கள். அதிர்ச்சி நிலையில் (ஷாக்) ரத்த ஓட்டம் குறைந்து கைகால் குளிர்ந்தவருக்கு விரல்நுனி ரத்தம் உண்மை நிலையைக் காட்டாது. நரம்பு ரத்தத்தை லேபுக்கு அனுப்புங்கள். கடும் ரத்தசோகை உள்ளவருக்குப் பல கருவிகள் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும் என்பதையும் மனதில் வையுங்கள். நல்ல குளுக்கோமீட்டருக்கே 100 மி.கி.க்கு மேல் 15 சதவீதம் வரை ஏற்ற இறக்கத்தைத் தரநிலை அனுமதிக்கிறது. ஆகவே வெறும் வயிற்றுக்கான 126 என்ற வரம்பை வைத்து ஒருவருக்குச் சர்க்கரை நோய் என்று இதில் பார்த்துச் சொல்லிவிடக் கூடாது.

லான்செட் ஒருவருக்கு ஒன்று. ஊசியை மட்டும் மாற்றிக்கொண்டு லான்செட் பொருத்தும் ஒரே பேனாக் கருவியால் வார்டு முழுக்கக் குத்துவதும் தவறு. மஞ்சள் காமாலை பி வைரஸ் இந்த வழியில் பரவியிருக்கிறது.

கல்ச்சர் பாட்டில்

ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் நோக்கம். தோலில் இருக்கும் கிருமியைப் பாட்டிலில் விட்டுவிட்டால், இல்லாத நோய்க்கு நாள்கணக்கில் மருந்து ஏறும்.

ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன் எடுக்க வேண்டும். நர்ஸ் அக்கா ஊசி போடத் தயாராகிவிட்டாலும் தயங்காமல் கேளுங்கள்: "கல்ச்சர் எடுத்துவிட்டுப் போடலாமா, அக்கா?" இந்த ஒரு கேள்விக்கு மதிப்பு அதிகம். எடுப்பதால் மருந்து வெகுநேரம் தள்ளிப்போகவும் கூடாது, அதனால் பொருள்களைக் கையோடு கொண்டுபோங்கள்.

முதலில் நரம்பைத் தொட்டுப் பார்த்து இடத்தை முடிவு செய்யுங்கள். பிறகு குளோர்ஹெக்சிடின் கலந்த ஆல்கஹாலால் அரை நிமிடம் முன்னும் பின்னும் தேய்த்து, தானே காயவிடுங்கள். ஊதாதீர்கள், விசிறாதீர்கள். அந்த இடத்தை மறுபடி தொட்டால் முதலிலிருந்து சுத்தம் செய்ய வேண்டும். காயும் நேரத்தில் பாட்டில் மூடியை நீக்கி, உள்ளே இருக்கும் ரப்பரை ஸ்பிரிட்டால் துடையுங்கள். மூடி திறந்தால் உள்ளே சுத்தம்தானே என்று விட்டுவிடுகிறார்கள். அது கிருமியற்றது என்று யாரும் உறுதி தரவில்லை.

பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மி.லி. வரை, இரண்டு வெவ்வேறு இடங்களிலிருந்து இரண்டு செட். ஒரு செட் என்பது இரண்டு பாட்டில்: காற்று வேண்டும் கிருமிக்கு ஒன்று (காற்றுள்ள பாட்டில்), காற்றில்லாமல் வளரும் கிருமிக்கு ஒன்று (காற்றில்லாத பாட்டில்). ரத்தம் குறைந்தால் கிருமி அகப்படும் வாய்ப்பும் குறையும். பாட்டிலுக்குள் வெற்றிடம் இருப்பதால் நேரடியாக எடுக்கும்போது அளவு மீறிப்போகும். முன்பே பாட்டிலில் பேனாவால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். மெல்லிய குழாய் இணைந்த பட்டர்ஃப்ளை ஊசி என்றால் காற்றுள்ள பாட்டில் முதலில், ஏனென்றால் குழாயில் இருக்கும் காற்று அதில் போய்விடும். சிரிஞ்சில் எடுத்தால் காற்றில்லாத பாட்டில் முதலில். மற்ற டியூப்களும் இருந்தால் கல்ச்சர்தான் எல்லாவற்றுக்கும் முன்பு, அதற்குப் பிறகு நீல மூடி சிட்ரேட் டியூப்.

லேபிளைக் கட்டிலருகிலேயே ஒட்டுங்கள், பார்கோடை மறைக்காமல். எந்தக் கை என்றும் எழுதுங்கள். பாட்டிலைப் பிரிட்ஜில் வைக்கக் கூடாது. அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்குள் லேபுக்குப் போக வேண்டும்.

கர்ப்பிணிகளுக்கான சர்க்கரைப் பரிசோதனை

மேலே சொன்ன இரண்டோடு ஒப்பிட்டால் இது சுலபம். 75 கிராம் குளுக்கோஸை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, குடிக்கத் தொடங்கிய நேரத்தைக் குறித்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். சாப்பிட்டிருந்தாலும் செய்யலாம். 140 அல்லது அதற்கு மேல் வந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் வேறு நாளில் மறுபடி செய்வார்கள். பஸ்ஸில் வந்தவர் அந்த இரண்டு மணி நேரத்தில் சந்தைக்கு நடந்து போய்விட்டால் எண் மாறிவிடும். "இங்கேயே உட்காருங்கள், அம்மிணி" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

குளுக்கோமீட்டரில் எண்ணுக்குப் பதில் உச்சம் அல்லது தாழ்வு என்ற எச்சரிக்கை வந்தாலோ, 70க்குக் கீழே காட்டினாலோ, கேஸ் ஷீட்டில் எழுதும் முன் நர்ஸிடம் வாயால் சொல்லுங்கள். பிறகு நேரத்தோடு பதிவு செய்யுங்கள். குத்திய லான்செட்டும் ஊசியும் மூடியை மாட்டாமல் நேராகத் துளைபடாத வெள்ளை டப்பாவுக்குப் போக வேண்டும்.