மோட்டார்ஹோம் பேட்டரி டெர்மினல் பூக்கிறதா? முதலில் சார்ஜிங்கைப் பாருங்கள்

சோலார் பேனலில் சார்ஜ் ஆகும் மோட்டார்ஹோம் (தங்கும் வசதியுள்ள வண்டி) பேட்டரியின் டெர்மினலில், அதாவது கேபிள் மாட்டும் உலோக முனையில், வெள்ளையாகவோ நீலப்பச்சையாகவோ பூத்திருந்தால் உடனே துடைக்கத்தான் கை போகும். துடைக்கலாம், தப்பில்லை. ஆனால் காரணத்தைப் பார்க்காமல் விட்டால் மறுபடியும் பூக்கும். லெட் ஆசிட் பேட்டரி அளவுக்கு மீறி சார்ஜ் ஆகும்போது உள்ளேயிருக்கும் தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து வெளியேறுகிறது, கூடவே நுண்ணிய ஆசிட் துளிகளும் மூடித் துவாரம் வழியாக வந்து உலோகத்தில் படிகின்றன. அதனால் ஓவர்சார்ஜையும் அரிப்பையும் சேர்த்தேதான் பார்க்க வேண்டும்.

படி 1: அளந்து பாருங்கள்

நல்ல வெயில் நேரத்தில் மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து பேட்டரி முனைகளிலேயே தொட்டுப் பாருங்கள். கண்ட்ரோலர் (பேனலிலிருந்து பேட்டரிக்குப் போகும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் கருவி) திரையில் தெரியும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள், கேபிள் மெல்லியதாக இருந்தால் இரண்டுக்கும் வித்தியாசம் வரும். தண்ணீர் ஊற்றும் 12 வோல்ட் பேட்டரிக்கு சார்ஜ் ஏறும்போது 14.4 முதல் 14.8 வரை இருக்கலாம், நிரம்பிய பிறகு ஃப்ளோட்டில் (நிரம்பியதை அப்படியே தக்கவைக்கும் கட்டத்தில்) 13.5 பக்கம் இறங்க வேண்டும். ஆசிட் கூழாக இருக்கும் ஜெல் பேட்டரிக்கு 14.1, 14.2 போதும். உங்கள் பேட்டரிக்குச் சரியான எண் அதன் தயாரிப்பாளர் தாளில் இருக்கும், அதுதான் கடைசி வார்த்தை.

படி 2: கண்ட்ரோலர் செட்டிங்

பேட்டரி வகை சரியாகத் தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள், பாதிப் பிரச்சினை இங்கேதான். பேட்டரி அறைகளைச் சமப்படுத்த 15 வோல்ட்டுக்கு மேல் ஏற்றும் ஈக்வலைஸ் என்பது தண்ணீர் ஊற்றும் பேட்டரிக்கானது. ஜெல், ஏஜிஎம் (ஆசிட்டைக் கண்ணாடி நார் விரிப்பில் தேக்கிய மூடிய பேட்டரி) வைத்திருப்பவர்கள் அதை அணைத்து விடுங்கள். அப்புறம் வெப்பநிலை. சூடு கூடக்கூட சார்ஜ் வோல்டேஜ் குறைய வேண்டும், டிகிரிக்குச் சுமார் 0.02 முதல் 0.03 வோல்ட் வரை. கண்ட்ரோலர் உள்ளே குளுகுளுவென்று இருக்க, பேட்டரி வெளிப்பக்கப் பெட்டியில் வேகிறது என்றால் கணக்கு தப்பும், ஆகவே வெப்ப சென்சார் வயரை பேட்டரியிலேயே ஒட்டுங்கள்.

படி 3: சுத்தம் செய்வது

கையுறை, கண்ணாடி போட்டு மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, முதலில் சோலார் பேனல் இணைப்பைத் துண்டியுங்கள், மற்ற சார்ஜர், லைட், ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் அணையுங்கள். பிறகு நெகட்டிவ் கேபிளைக் கழற்றுங்கள், அதன் பின் பாசிட்டிவ். நெகட்டிவ் மாட்டியிருக்கும்போது பாசிட்டிவைக் கழற்றினால் ஸ்பானர் வண்டியின் உலோகத்தில் பட்டு ஷார்ட் ஆகும், அதற்குத்தான் இந்த வரிசை.

மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும், சோடா கரைசல் உள்ளே ஒரு சொட்டு போனாலும் ஆசிட் கெடும். ஒரு கப் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கரைத்து பழைய டூத்பிரஷால் தேயுங்கள், புஸ்ஸென்று நுரைக்கும், நுரை நின்றால் ஆசிட் தீர்ந்தது என்று அர்த்தம். சுத்தத் தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்துக் காயவிட்டு, முதலில் பாசிட்டிவ், பிறகு நெகட்டிவ் என இறுக்கி, அதன் பிறகே மேலே வாசலின் தடவுங்கள். பேனல் எப்போதும் கடைசி.

படி 4: தண்ணீர்

தண்ணீர் ஊற்றும் பேட்டரி என்றால் மூடிகளைத் திறந்து டார்ச் அடித்து அதன் ஒவ்வொரு அறையாகப் பாருங்கள், தகடு வெளியே தெரியக் கூடாது. டிஸ்டில்டு வாட்டர் மட்டும், அதுவும் முழு சார்ஜ் ஆன பிறகு. தகடு வெளியே தெரிந்தால் மட்டும் சார்ஜுக்கு முன்பே அது மூழ்கும் அளவுக்கு. விளிம்பு வரை நிரப்பினால் சார்ஜ் ஆகும்போது பொங்கி வழிந்து அதுவே டெர்மினலை அரிக்கும்.

வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துகிறவர்கள் கவனம்: யாரும் கரண்ட் எடுக்காவிட்டாலும் பேனல் தினமும் ஏற்றிக்கொண்டே இருக்கும். கண்ட்ரோலரில் வசதி இருந்தால் அப்சார்ப்ஷன் (உச்ச சார்ஜ் வோல்டேஜில் பிடித்து வைக்கும் கட்டம்) நேரத்தைக் குறைத்து வையுங்கள், பெட்டியின் காற்றுக் குழாய் வெளியே திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள், ஹைட்ரஜன் தேங்கினால் வெடிக்க ஒரு பொறி போதும். அளவுக்கு மீறி சார்ஜ் ஆகி அழுகிய முட்டை வாடை வந்தால் கதவு, ஜன்னலைத் திறந்து, பேட்டரிக்கு அருகில் எதையும் கழற்றாமல், தள்ளியிருக்கும் சுவிட்சில் பேனலைத் துண்டித்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.