மூன்று சூடும் ஒரே பெட்டிக்குள்: காம்பி ஓவனைப் பயன்படுத்துவதும் துடைப்பதும்

பர்மாவின் பெகுவில் இருக்கும் என் தங்கைக்கு அவள் மகள் போன மாதம் ஒரு காம்பி ஓவன் வாங்கிக் கொடுத்தாள். மைக்ரோவேவ், கிரில், கன்வெக்ஷன் மூன்றும் சேர்ந்தது. வாங்கிய நாளிலிருந்து அதில் டீயைத் தவிர வேறெதையும் அவள் சூடாக்கவில்லை. "அக்கா, பொத்தானைத் தொட்டாலே பயமா இருக்கு. எதை அமுக்கினா எது எரியும்னு தெரியல" என்று போனில் சொன்னாள். யாங்கூனில் என் வீட்டில் அதே மாதிரி பெட்டி ஒன்பது வருடமாக ஓடுகிறது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் மகன் அனுப்பியது. தங்கைக்குச் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். அவளைப் போலத் தயங்கி நிற்கும் வேறு பெண்களுக்கும் உதவும்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். மைக்ரோவேவ் ஓடும்போது பெட்டியின் சுவர் நேராகச் சூடாவதில்லை. 2450 மெகாஹெர்ட்ஸ் அலை உணவிலுள்ள நீரையும் கொழுப்பையும் பிடித்துச் சூடாக்குகிறது. அதுவும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழம் வரைதான் நன்றாக இறங்கும். அதற்கும் உள்ளே சூடு தானாகப் பரவ வேண்டும். கன்வெக்ஷனில் பின்சுவருக்குப் பின்னால் இருக்கும் கம்பி சூடாகும், விசிறி அந்தச் சூட்டைச் சுழற்றும், பெட்டி முழுவதும் 200 டிகிரிக்கு ஏறும். கிரில் என்பது மேலே இருக்கும் கம்பி. மேல்பக்கத்தைச் சிவக்கவைப்பது அதன் வேலை.

இது தெரிந்துவிட்டால் துடைப்பது எப்போது என்பதும் தெரிந்துவிடும். மைக்ரோவேவில் சிதறிய குழம்பு சுவரில் வெறும் ஈரமாக ஒட்டியிருக்கும். ஈரத்துணியால் ஓர் இழுப்பில் போய்விடும். அதை அப்படியே விட்டுவிட்டு மறுநாள் கன்வெக்ஷன் போட்டால், அந்தக் குழம்பு கருகித் தார் மாதிரிப் பிடித்துக்கொள்ளும். முதல் வருடம் தீபாவளிக்கு முந்தின நாள் எனக்கு இதுதான் நடந்தது. மூன்று வாரமாக மீன்குழம்பையும் பருப்பையும் மூடாமல் சுடவைத்திருந்தேன். கேக்குக்காக 180 டிகிரி வைத்தேன். சூடு ஏறுவதற்குள் சமையலறை முழுக்கப் புகை. கேக்கில் மீன் வாசனை. யாருக்கும் கொடுக்க முடியவில்லை. பெட்டியைத் தேய்க்க இரண்டு நாள் ஆனது. அன்றிலிருந்து கன்வெக்ஷன் பொத்தானைத் தொடும் முன் கதவைத் திறந்து, உள்ளே கையால் தடவிப் பார்க்காமல் விடுவதில்லை.

வைக்கும் இடமும் பிளக்கும்

எங்கள் வீடு நகருக்குள் பழைய கட்டடத்தில் மூன்றாம் மாடி. வயரிங்கும் பழையது. பெட்டி வந்த புதிதில் கதவைத் தொட்டால் விரல் நுனியில் சுருக்கென்று இழுக்கும். எர்த் இல்லாததுதான் காரணம். எலக்ட்ரீஷியனை அழைத்துத் தனி எர்த் கம்பி இழுத்து, தனி பிளக் பாயிண்டும் போட்ட பிறகுதான் நிம்மதியாகப் பயன்படுத்தினேன். கன்வெக்ஷன் ஓடும்போது இந்தப் பெட்டிகள் 2000 வாட்டுக்கு மேலேயே இழுக்கும். 230 வோல்ட்டில் அது ஒன்பது, பத்து ஆம்பியர். ஃபேனுக்கும் போனுக்கும் போடும் மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் சொருகினால் வயர் இளகிவிடும். பின்பக்கமும் பக்கவாட்டிலும் மேலேயும் காற்றுக்கு இடம் விடுங்கள். எவ்வளவு என்று உங்கள் பெட்டியின் புத்தகத்தில் இருக்கும். பெட்டி மேல் துணி விரித்து அலங்காரம் செய்ய வேண்டாம்.

புதுப் பெட்டியை முதலில் கன்வெக்ஷனில் காலியாக 200 டிகிரியில் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டுங்கள். கம்பியில் தடவியிருக்கும் எண்ணெய் எரிந்து வாசனை வரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஆனால் மைக்ரோவேவையோ காம்பியையோ (மைக்ரோவேவும் கன்வெக்ஷனும் சேர்ந்து ஓடும் முறை) காலியாக ஓட்டவே கூடாது. அலையை வாங்கிக்கொள்ள உள்ளே எதுவும் இல்லையென்றால் அது திரும்பிப் போய், அலையை உண்டாக்கும் மேக்னட்ரானைக் கெடுத்துவிடும். என் தங்கை இதில்தான் குழம்பினாள்: முன்சூடு போடுவது கன்வெக்ஷனுக்கு மட்டும்.

எந்தப் பாத்திரம்

மைக்ரோவேவுக்குக் கண்ணாடி, தங்கக் கோடு இல்லாத பீங்கான், மைக்ரோவேவுக்கு ஏற்றது என்று குறி போட்ட பிளாஸ்டிக். கன்வெக்ஷனுக்கும் கிரில்லுக்கும் எஃகு, அலுமினியத் தட்டு, சூடு தாங்கும் அடுப்புக் கண்ணாடி. பிளாஸ்டிக் கூடவே கூடாது. காம்பிக்கு இரண்டு சூடும் சேர்ந்து வருவதால் அடுப்புக் கண்ணாடியும் கெட்டிப் பீங்கானும்தான் சரி. பெட்டியோடு வந்த கம்பித் தாங்கியை மட்டும், அவர்கள் சொன்ன மாதிரி வைத்துப் பயன்படுத்தலாம். வேறு உலோகம் வைத்தால் பொறி பறக்கும்.

நம் வீடுகளில் இருக்கும் மெலமின் தட்டு இது எதற்கும் ஆகாது. அலை பட்டால் தட்டே சூடாகி விரிசல் விடும். பகானிலிருந்து வாங்கி வரும் அரக்குக் கிண்ணங்களையும் உள்ளே வைக்காதீர்கள். அழகாக இருக்கிறதென்று என் சம்பந்தி அதில் அல்வாவைச் சுடவைத்துக் கிண்ணத்தை இழந்தார்.

வெறும் தண்ணீரை வழவழப்பான கண்ணாடிக் கோப்பையில் நெடுநேரம் சுடவைக்காதீர்கள். கொதி வந்ததே தெரியாமல் கொதிநிலையைத் தாண்டிவிடும். எடுத்துக் கலக்கும்போது திடீரென்று பொங்கிக் கையைச் சுடும். ஒரு மரக்கரண்டியைப் போட்டு வைத்தால் போதும். ஓடோடு முட்டை வைத்தால் வெடிக்கும்.

எதற்கு எந்தச் சூடு

சோறு, குழம்பு, கூட்டு எல்லாம் மைக்ரோவேவ். சோற்றைத் தட்டின் ஓரமாக வளையம் போலப் பரப்பி நடுவில் குழி விடுங்கள், இரண்டு கரண்டித் தண்ணீர் தெளித்து மூடுங்கள். நடுவில் ஆறியும் ஓரத்தில் கொதித்தும் இருக்கும் தொல்லை வராது. வடை, சமோசா, பஜ்ஜியை மைக்ரோவேவில் வைத்தால் தோல் போல இழுக்கும். அவற்றை கன்வெக்ஷனில் 180 டிகிரியில் ஐந்தாறு நிமிடம் வையுங்கள், மொறுமொறுப்பு திரும்பும்.

கோழிக்குத்தான் காம்பி. உள்ளே மைக்ரோவேவ் வேகவைக்க, வெளியே சூடான காற்று சிவக்கவைக்கும். முக்கால் வீசை (சுமார் 1.2 கிலோ) கோழியை மசாலா தடவி ஊறவிட்டு, கண்ணாடித் தட்டில், 200 டிகிரியும் 300 வாட்டுமாக வைத்தால் சுமார் நாற்பது நிமிடம். பாதியில் ஒருமுறை திருப்பிப் போடுங்கள். கன்வெக்ஷன் மட்டுமென்றால் ஒரு மணி நேரத்துக்கு மேல். தொடையின் தடித்த இடத்தில் 74 டிகிரி இருக்க வேண்டும்; வெப்பமானி இல்லையென்றால் குத்திப் பாருங்கள், வடியும் நீரில் சிவப்பு தெரியக் கூடாது. கேக்கை காம்பியில் போட வேண்டாம், ஒழுங்காக எழும்பாது.

பனி இளக்கும் (டிஃப்ராஸ்ட்) பொத்தான் கிராமில் எடை கேட்கும். நாம் கடைத்தெருவில் வாங்குவது வீசையில். தமிழ்நாட்டின் பழைய வீசை 1.4 கிலோ, இங்கே 1.63 கிலோ. கால் வீசை என்றால் 400 கிராம், அரை வீசைக்கு 800 கிராம் என்று அழுத்துங்கள். எடையைக் கொஞ்சம் குறைத்தே போடுவது நல்லது. அதிகமாகப் போட்டால் ஓரம் வெந்துவிடும்.

எனக்கு இந்தப் பெட்டி பிடித்துப்போனது சனவின் மக்கினால். ரவையும் தேங்காய்ப்பாலும் சேர்த்துச் செய்யும் பர்மியப் பலகாரம், நம் கேசரிக்கு ஒன்றுவிட்ட தங்கை. முறைப்படி செய்தால் சட்டிக்குக் கீழேயும் தணல், மூடிக்கு மேலேயும் தணல். மூன்றாம் மாடியில் கரி அடுப்புக்கு எங்கே போவது? ஒரு கப் ரவையைப் பொன்னிறமாக வறுத்து, ஒரு கப் சர்க்கரை, இரண்டு கப் தேங்காய்ப்பால், ஒரு கப் தண்ணீர், கொஞ்சம் வெண்ணெய், உப்பு சேர்த்து அடுப்பில் சட்டியில் ஒட்டாமல் திரளும்வரை கிளறுங்கள். கண்ணாடித் தட்டில் சமப்படுத்தி, கசகசா தூவி, கன்வெக்ஷனில் 180 டிகிரியில் நாற்பது நிமிடம். அப்புறம் கிரில்லில் மூன்று நான்கு நிமிடம். கிரில் நேரத்தில் நகராமல் பக்கத்திலேயே நில்லுங்கள், கசகசா கண்ணிமைப்பதற்குள் கருகும்.

துடைப்பது

தினமும் செய்வது எளிது. மைக்ரோவேவ் வேலை முடிந்ததும் ஈரத்துணியால் சுவர், கூரை, கதவின் உள்பக்கம், கதவு வந்து உட்காரும் ஓரம். அந்த ஓரத்தில் அழுக்குச் சேர்ந்தால் கதவு சரியாகப் பொருந்தாது. கதவு வளைந்திருந்தாலோ கண்ணாடி விரிசல் விட்டிருந்தாலோ பெட்டியை ஓட்டாதீர்கள்.

காய்ந்துபோனதற்கு நீராவி. கிண்ணத்தில் ஒரு கப் தண்ணீர், அரை எலுமிச்சம்பழச் சாறும் அதன் தோலும், ஒரு மரக்கரண்டி. முழு வேகத்தில் ஐந்து நிமிடம் மைக்ரோவேவ் செய்து, கதவைத் திறக்காமல் பத்து நிமிடம் விடுங்கள். ஆவி அழுக்கை ஊறவைத்துவிடும். ஙப்பி (பர்மிய மீன், இறால் விழுது) வாசனை போகவும் இதுவே வழி. அப்படியும் மிஞ்சினால் ஒரு கிண்ணம் ஆப்ப சோடாவை உள்ளே வைத்து இரவு முழுக்க மூடி வையுங்கள், காலையில் மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

கருகிப் பிடித்ததற்கு ஆப்ப சோடாவைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து அந்த இடத்தில் மட்டும் பூசி, இருபது நிமிடம் விட்டு மென்மையான பஞ்சால் துடையுங்கள். காற்றுத் துளைகளுக்குள் போகவிடாதீர்கள். எஃகு நார் வேண்டவே வேண்டாம். நான் அந்தத் தீபாவளிக்குப் பிறகு அதைத்தான் போட்டுத் தேய்த்தேன். சுவரில் கீறல் விழுந்தது, உடைந்த நார் ஒன்று மூலையில் தங்கி அடுத்த தடவை பொறி பறந்தது. அடுப்பு சுத்தம் செய்யும் காரமான ஸ்பிரேயையும் உள்ளே அடிக்காதீர்கள்.

உள்சுவரில், பெரும்பாலும் வலப்பக்கம், அட்டை மாதிரி ஒரு மைக்காத் தகடு இருக்கும். அலை அதன் வழியாகத்தான் வருகிறது. அதைக் கழற்றாதீர்கள், தேய்க்காதீர்கள், மெதுவாக ஒற்றி எடுங்கள். எண்ணெய் ஊறிக் கருகி ஓட்டை விழுந்திருந்தால் ரிப்பேர்காரரிடம் மாற்றச் சொல்லுங்கள், அதுவரை மைக்ரோவேவ் போட வேண்டாம். வெளிக்கூட்டை நாமே கழற்றிப் பார்க்கும் யோசனை வேண்டாம்: உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட்டில் வேலை செய்யும் கெபாசிட்டர் இருக்கிறது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் நிற்கும்.

சுழலும் கண்ணாடித் தட்டை ஆறிய பிறகே கழுவுங்கள். சூட்டோடு குழாயில் பிடித்தால் பிளந்துவிடும். அடியில் இருக்கும் சக்கர வளையத்தையும் கழுவி, அது ஓடும் தடத்தையும் துடைத்தால் கடகட சத்தம் நிற்கும்.

கரண்ட் போனால்

வேலை முடிந்தும் விசிறி சற்று நேரம் ஓடும். உள்ளே இருக்கும் பாகங்களைக் குளிர்விக்கிறது, நிற்கும்வரை பிளக்கைப் பிடுங்காதீர்கள். ஆனால் யாங்கூனில் கரண்ட் நம்மைக் கேட்டுக்கொண்டா போகிறது? நடுவில் போய்விட்டால் உணவை வெளியே எடுத்து, கதவைத் திறந்து சூட்டை விட்டு, பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். தெருவில் பிள்ளைகள் "மீ லாபி!" (கரண்ட் வந்துடுச்சு!) என்று கத்தியதும் உடனே சொருகாதீர்கள். வரும்போது வோல்டேஜ் ஏறி இறங்கும். நான் பத்து நிமிடம் பொறுத்து, டியூப்லைட் சிமிட்டாமல் நின்ற பிறகுதான் போடுவேன்.

மழைக்காலத்தில் நீராவி போட்டுத் துடைத்த பிறகு கன்வெக்ஷனை ஐந்து நிமிடம் ஓட்டி உள்ளே உலர்த்துங்கள். ஈரமும் சோற்றுப் பருக்கையும் இருந்தால் கரப்பான்பூச்சி காற்றுத் துளை வழியாகப் போய்ச் சர்க்யூட் பலகையில் குடியேறும். என் பெட்டி ஒன்பது வருடத்தில் ரிப்பேருக்குப் போனது ஒரே தடவை. திறந்தபோது உள்ளே இருந்தது ஒரு கரப்பான் குடும்பம்.