ஆண்டீஸ் மலை வால்நட்: கொட்டையிலிருந்து நாற்று வளர்ப்பது எப்படி?

ஈக்வடாரில் தோக்தே, கொலம்பியாவில் செத்ரோ நெக்ரோ, பெருவில் நொகால்: மூன்றும் ஜக்லான்ஸ் நியோட்ரோப்பிகா என்ற ஒரே மரம்தான். ஆண்டீஸ் சரிவுகளில் சுமார் 1,000 முதல் 3,000 மீட்டர் உயரம் வரை வளரும். ஈக்வடாரின் இபாரா நகரத்து நொகாதா மிட்டாயில் சேர்வது இதன் பருப்பு. கரும்பழுப்பு மரக்கட்டைக்காக வெட்டி வெட்டியே இன்று அழியும் அபாயத்தில் இருக்கிறது. நாற்று வளர்க்கத் தெரிந்தவர்கள் பெருகினால்தான் இது பிழைக்கும்.

கொட்டை பொறுக்குதல்
தானாக உதிர்ந்த காய்களை மட்டும் எடுங்கள். பறித்த காயில் பருப்பு முற்றியிருக்காது. கொலம்பியாவில் நொகால் என்று கேட்டு வாங்கினால் கவனம் தேவை: அங்கே கார்டியா என்ற வேறொரு மரத்தையும் நொகால் என்பார்கள். வால்நட் கொட்டை உருண்டையாக, ஆழமான வரிப்பள்ளங்களோடு, கல் போல இருக்கும்.

தோல் நீக்குதல்
காய்களைக் குவித்து வைக்காதீர்கள். சூடேறிப் பூஞ்சை பிடிக்கும். கையுறை போட்டுச் சதைத் தோலை உரித்து, பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். வெறுங்கையால் உரித்தால் பழுப்புக் கறை பல நாள் போகாது. அந்தக் கறைதான் மலைக்கிராமங்களில் கம்பளி நூலுக்குச் சாயம். கழுவிய கொட்டையைத் தண்ணீரில் போடுங்கள். மிதப்பவை பெரும்பாலும் பொக்கு; ஒதுக்கிவிடலாம்.

ஊற வைத்தல்
4 அல்லது 5 நாள், தினமும் தண்ணீரை மாற்றி ஊற வையுங்கள். மாற்றாவிட்டால் புளித்து நாறி, பருப்பு அழுகும். உடனே விதைக்க முடியாதென்றால் ஈர மணலில் புதைத்து, குளிர்ந்த நிழலில் வையுங்கள். உலர்ந்த கொட்டை முளைப்பதை நம்பவே முடியாது. முளைக்காத நாற்றங்கால்களில் பழைய, காய்ந்த கொட்டைதான் முதல் சந்தேகம்.

விதைத்தல்
இந்த மரத்துக்கு ஆணிவேர் முதலில், தண்டு பிறகு. ஆழமில்லாத பையில் வேர் அடியில் முட்டிச் சுருண்டுகொள்ளும். நட்ட பிறகும் அந்தச் சுருள் நிமிராது, மரம் நோஞ்சானாகவே நிற்கும். ஆகவே 30 செ.மீ. ஆழமுள்ள, அடியில் துளையிட்ட பை வேண்டும். மண் 3 பங்கு, மணல் 1, மட்கிய உரம் 1. கொட்டையைப் பக்கவாட்டில் படுக்க வைத்து 5 செ.மீ. ஆழத்தில் புதையுங்கள். மேலே கம்பிவலை கட்டாயம். எலியும் அணிலும் ஒரே இரவில் காலி செய்துவிடும்.

முளைப்பு சீராக இருக்காது. ஒன்று ஒரு மாதத்தில் எட்டிப் பார்க்கும், பக்கத்துப் பை மூன்று மாதம் எடுக்கும். தோண்டிப் பார்க்காதீர்கள், இளவேர் ஒடிந்துவிடும். மண் ஈரமாக இருக்கட்டும், சொதசொதப்பு வேண்டாம்.

நடுதல்
முதல் சில வாரம் அரைநிழல், பிறகு மெல்ல வெயிலுக்குப் பழக்குங்கள். 30 செ.மீ. உயரம் வந்ததும் மழைக்காலத் தொடக்கத்தில் நடலாம். தண்ணீர் தேங்காத, ஆழமான மண்ணாகப் பாருங்கள். உருளைக்கிழங்கு, தக்காளிப் பாத்திகளை ஒட்டி நட வேண்டாம்: வேரிலும் இலையிலும் உள்ள ஜக்லோன் என்ற வேதிப்பொருள் அவற்றை வாட்டிவிடும்.